சின்ன நீராவி இன்ஜினில் ஷாஃப்ட் கப்ளிங் தகராறு: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

மாடல் ரயில் இன்ஜினில் இரண்டு ஷாஃப்டை இணைக்கும் கப்ளிங் உடைந்ததும் கைபேசியை எடுத்துப் புதிதாக ஒன்றை ஆர்டர் போடத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். கப்ளிங் தானாக உடைவது அபூர்வம். மோட்டார் கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது துளை பெரிதாக இருக்கும், அல்லது ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஓடும். அதைக் கண்டுபிடிக்காமல் புதிதைப் பூட்டினால் அடுத்த வாரம் அதுவும் அதே இடத்தில் விரிசல் விடும். மலேசியாவின் பேராக்கில் உள்ள ஊத்தான் மெலிந்தாங் மாதிரியான தோட்டப்புற ஊரில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. தவறான அளவில் வந்த பொட்டலத்தைத் திருப்பி அனுப்பி மறுபடி வாங்குவதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இங்கே சொல்வது 45 மி.மீ. பாதை இன்ஜின்களுக்கும், 3½ அங்குலம், 5 அங்குலப் பாதை இன்ஜின்களுக்கும் பொருந்தும். நம் கே.டி.எம். (மலாயா ரயில்வே) பாதை ஒரு மீட்டர் அகலம் என்பதால் அதை 45 மி.மீ. பாதையில் 1:22.5 கணக்கில் செய்கிறார்கள். கீழ்ப் பேராக் செம்பனைத் தோட்டங்களில் குலை ஏற்றும் 700 மி.மீ. பாதை வண்டியைச் செய்பவர்களுக்கு 32 மி.மீ. பாதையில் அதே அளவு ஏறக்குறைய வந்துவிடும். எந்த அளவாக இருந்தாலும் சின்ன கப்ளிங் இருக்கும் இடங்கள் மூன்றுதான்: நீராவி இன்ஜின் உருவில் இருந்து மின்மோட்டாரால் ஓடும் மாடல்களில் மோட்டாருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில், ஷே போன்ற பல்சக்கர இன்ஜின்களில் போகிகளுக்கு (சக்கரத் தொகுதிகளுக்கு) ஓடும், மூட்டு வைத்த கார்டன் ஷாஃப்டில், முன்னே பின்னே ஓடும் திசையை மாற்றும் ரிவர்ஸ் திருகின் நீண்ட கம்பியில்.

எந்த அறிகுறியானாலும் முதலில் எடுக்க வேண்டிய அளவுகள்

டிஜிட்டல் வெர்னியர் ஒன்று போதும். இரண்டு ஷாஃப்டின் விட்டத்தையும், கப்ளிங் உட்காரும் இடத்திலேயே, 0.01 வரை எழுதிக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் டி வடிவமாக இருந்தால் தட்டையான பக்கத்தின் குறுக்களவும் வேண்டும். பிறகு இரண்டு ஷாஃப்ட் முனைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. கடைசியாக, பாய்லருக்கும் சட்டத்துக்கும் நடுவில் சுற்ற எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. இந்தக் கடைசி அளவை மறந்துவிட்டு 19 மி.மீ. தடிமன் கப்ளிங்கை வாங்கி வைத்துக்கொண்டு விழிப்பது அடிக்கடி நடக்கிறது.

கப்ளிங்கின் துளையை வெர்னியர் உள்தாடையால் அளக்காதீர்கள். சின்னத் துளையில் அது குறைத்துக் காட்டும். டிரில் பிட்டின் வழவழப்பான வால் பகுதியை உள்ளே விட்டுப் பாருங்கள். விடுவதற்கு முன் வாலையும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள், குறித்த அளவைவிட அது மயிரிழை குறைவாக இருக்கும். 3.1 போய், 3.2 போகவில்லை என்றால் துளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டது.

வழக்கமாகக் கிடைக்கும் மோட்டார்கள்: பொம்மைக் கார்களில் வரும் 130 ரகத்துக்கு 2.0 மி.மீ., 380 ரகத்துக்கு 2.3, 540, 550 ரகங்களுக்கு 3.17, என்20 கியர் மோட்டாருக்கு 3.0 டி வடிவம், தட்டைப் பக்கம் 2.5. 3டி பிரிண்டர் ஸ்டெப்பர் மோட்டாருக்கு 5.0. பழைய ஆங்கிலேய வரைபடத்தைப் பார்த்துச் செய்த இன்ஜினாக இருந்தால் எல்லாம் அங்குலம்: 1/8 என்றால் 3.175, 5/32 என்றால் 3.97, 3/16 என்றால் 4.76. இதில் 5/32 ஷாஃப்ட் 4 மி.மீ. துளையில் நன்றாகவே உட்காரும். 3/16 ஷாஃப்டை 5 மி.மீ. துளையில் போட்டால் கால் மில்லிமீட்டர் ஆட்டம். அதிர்வு அங்கேதான் ஆரம்பம்.

## அறிகுறி 1: மோட்டார் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை

பிழை திருத்தும் வெள்ளைப் பேனாவால் மோட்டார் ஷாஃப்ட், கப்ளிங், அடுத்த ஷாஃப்ட் மூன்றின் மேலும் ஒரே நேர்கோடு போடுங்கள். காய்ந்ததும் இரண்டு விநாடி மோட்டாரை ஓடவிட்டு நிறுத்துங்கள். கோடு எங்கே விலகியிருக்கிறதோ அங்கேதான் வழுக்கல். கோடு மூன்றும் நேராகவே இருந்தால் கப்ளிங் குற்றவாளி இல்லை. கியர் பெட்டிக்குள் வெர்ம் கியரோ (திருகு வடிவப் பல்), அச்சின் மேல் பல்சக்கரமோ வழுக்குகிறது.

கோடு விலகியிருந்தால், கிரப் ஸ்குரூவிலிருந்து (கப்ளிங்கை ஷாஃப்டோடு இறுக்கும் தலையில்லாத ஸ்குரூ) தொடங்குங்கள்

எம்2 கிரப் ஸ்குரூவுக்கு 0.9 மி.மீ. எலன் கீ, எம்2.5க்கு 1.3, எம்3க்கு 1.5, எம்4க்கு 2.0. மலிவான செட்டில் 1.5க்குப் பதிலாகத் தேய்ந்த கீ இருந்தால் ஸ்குரூவின் அறுகோணக் குழி உருண்டுவிடும். உருண்டுவிட்டால் அங்குல செட்டில் உள்ள 1/16 கீயை எடுங்கள். அது 1.59 மி.மீ.; லேசாகத் தட்டி இறக்கினால் பிடித்துக்கொண்டு கழற்றிவிடலாம். அந்த ஸ்குரூவை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

ஸ்குரூவைக் கழற்றி ஷாஃப்டைப் பாருங்கள். ஸ்குரூ முனை பதிந்த இடத்தில் மெல்லிய வளையம் பளபளவென்று அரைந்திருந்தால், உருண்டை ஷாஃப்டின் மேல் தட்டைத் தளம் இல்லாமல் இறுக்கியிருக்கிறார்கள். எவ்வளவு முறுக்கினாலும் அது நிற்காது. இரண்டு வழி உண்டு:

- ஷாஃப்டைக் கழற்றாமலே அரத்தால் 0.3 முதல் 0.5 மி.மீ. ஆழத்துக்குத் தட்டைத் தளம் போடுவது. அரத்தூள் மோட்டாருக்குள் போனால் காந்தம் பிடித்துக்கொள்ளும்; முதலில் மோட்டார் வாயை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள்.
- கப்ளிங்கைச் சரியான இடத்தில் வைத்து, எம்3 ஸ்குரூவைக் கழற்றி, அந்தத் துளை வழியாகவே 2.5 மி.மீ. டிரில்லைக் கையால் பிடித்துச் சுற்றி ஷாஃப்டில் ஒரு சின்னக் குழி விடுவது. மரை கெடாது. ஸ்குரூ முனை அந்தக் குழியில் போய் உட்காரும். கடினப்படுத்திய ஷாஃப்டில் இது வேலைக்கு ஆகாது, அரைக்கும் கல்தான்.

அடுத்து எண்ணெய். நீராவி எண்ணெய் கெட்டியானது, எங்கும் ஊர்ந்து போகும். ஷாஃப்டையும் துளையையும் ஸ்குரூவையும் தின்னரால் துடைத்துக் காயவிட்டு, மரையில் ஒரே ஒரு சொட்டு லாக்டைட் (மரையைப் பூட்டும் பசை). எம்3க்கும் அதற்கு மேற்பட்டதற்கும் நீல 243, எம்2, எம்2.5க்கு ஊதா 222. பித்தளையில் சீக்கிரம் பிடிக்கும், அலுமினியத்தில் மெதுவாக. ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் பக்கத்தில் இருந்தால் சொட்டு அதன் மேல் வழியாமல் பாருங்கள், அது பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும்.

ஸ்குரூ இறுக்கமாக இருந்தும் வழுக்கினால்

துளை பெரியது. 4.76 ஷாஃப்ட் 5 மி.மீ. துளையில் இருந்தால் குளிர்பான டின்னை வெட்டுங்கள். அதன் சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. தான். ஷாஃப்டைச் சுற்றி ஒரே சுற்று, முனைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி வெட்டினால் விட்டத்தில் 0.2 நிறைந்துவிடும். இது பிளவுபட்டு இறுகும் கிளாம்ப் வகைக்குத்தான் சரி. கிரப் ஸ்குரூ வகையில் தகட்டை ஸ்குரூ குத்திக் கிழித்துவிடும்.

3.17 ஷாஃப்டில் 4 மி.மீ. கப்ளிங்தான் கிடைத்தது என்றால், வெளியே 4.0, உள்ளே 3.2 அளவுள்ள பித்தளைக் குழாயில் கப்ளிங்கின் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு பிளவு போட்டு உள்ளே நுழைத்துவிடுங்கள். குழாயின் பிளவும் கப்ளிங்கின் பிளவும் ஒரே நேராக வரவேண்டும்.

எப்போது லேத் பட்டறைக்குப் போகவேண்டும்: கப்ளிங்கின் மரை தேய்ந்து ஸ்குரூ சும்மா சுற்றும்போது, அல்லது ஷாஃப்ட் அரைந்து 0.1 மி.மீ.க்கு மேல் மெலிந்துவிட்டபோது.

## அறிகுறி 2: வேகம் ஏற ஏற அதிர்வு, உறுமல்

முதலில் கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் அதிர்ந்தால் மோட்டாரின் புஷ்தான் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) போயிருக்கிறது. இதற்கு மேல் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டாம்.

மோட்டார் தனியாக அமைதியாக ஓடினால் கப்ளிங்கை மோட்டார் பக்கம் மட்டும் பூட்டுங்கள். ஒரு பல்குச்சியைப் பிளாஸ்டிசினில் நட்டு, அதன் முனை கப்ளிங்கின் விளிம்பை மயிரிழை விட்டு நிற்கும்படி வையுங்கள். விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி திறந்து மூடினால் கப்ளிங் மையத்தில் இல்லை. ஒற்றை கிரப் ஸ்குரூ, பெரிய துளையில் கப்ளிங்கை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவதுதான் முதல் காரணம். ஆட்டம் எவ்வளவோ அதில் பாதி மையம் விலகும். மேலே சொன்ன டின் தகடு, குழாய் வைத்தியமே இதற்கும்.

இடைவெளி மாறவில்லை என்றால், இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஒரு இரும்பு அடிமட்டத்தின் ஓரத்தை இரண்டு ஷாஃப்டின் மேலும் வைத்துப் பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் கசிகிறது என்று மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். ஷாஃப்டின் விட்டங்கள் வேறாக இருந்தால் இருபுறமும் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மோட்டாரை உயர்த்த வேண்டுமானால், சோதனைக்கு 80 கிராம் ஏ4 தாளை வெட்டி அடியில் வையுங்கள்; ஒரு தாள் 0.1 மி.மீ. காலாவதியான வங்கி அட்டை 0.76. சரியான கனம் தெரிந்ததும் தாளை எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் பித்தளைத் தகடு வையுங்கள். தாள் எண்ணெயைக் குடித்து ஒரு மாதத்தில் மசிந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் பேரிங்கில் உறுதியாக நிற்கும் ஷாஃப்டுகளை வளையாத கட்டிக் குழாய் கப்ளிங்கால் இணைக்காதீர்கள். எவ்வளவு பார்த்துப் பொருத்தினாலும் சிறு விலகல் இருக்கும். கப்ளிங் வளையாவிட்டால் மோட்டார் புஷ் அதை வாங்கிக்கொண்டு தேயும்.

ஷாஃப்டே வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். கண்ணாடிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் வெளிச்சம் மினுக்கி மினுக்கி வந்தால் வளைவு. 3 மி.மீ. வரை உள்ள ஷாஃப்டை நிமிர்த்த முயலாமல் ஆர்.சி. (ரேடியோ கன்ட்ரோல் வண்டி) கடையில் பியானோ வயர் வாங்கி மாற்றிவிடுவது நல்லது. தடித்த ஷாஃப்டுக்குக் குப்பையில் போன இங்க்ஜெட் பிரிண்டர் ஒரு புதையல். அதன் தலை ஓடும் கம்பி துல்லியமாக அரைத்து மெருகேற்றியது.

## அறிகுறி 3: ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெட்டி வெட்டி ஓடுகிறது (கார்டன் ஷாஃப்ட்)

ஷே வகை இன்ஜினில் இது வந்தால் சிலிண்டரையும் வால்வையும் பிரித்துப் போட்டு நாள்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. அதற்கு முன் இன்ஜினைப் பக்கவாட்டில் சாய்த்து, இரண்டு போகிகளுக்கும் நடுவில் ஓடும் நீளும் ஷாஃப்டைப் பாருங்கள். அதன் இரு முனையிலும் கவை மாதிரி இரண்டு பிளவுக் கொம்புகள் இருக்கும். நடு ஷாஃப்டின் இந்த முனைக் கவை படுத்த வாக்கில் இருந்தால், அந்த முனைக் கவையும் படுத்தே இருக்கவேண்டும். ஒன்று படுத்து, இன்னொன்று நிமிர்ந்து நின்றால், கண்டுபிடித்துவிட்டீர்கள். கழற்றி எண்ணெய் போட்டுத் திரும்ப நுழைக்கும்போது சதுர ஷாஃப்டை ஒரு கால் சுற்று மாற்றிச் செருகியிருக்கிறார்கள்.

கவைகள் ஒரே வாக்கில் இருந்தால் முதல் மூட்டு செய்யும் வேக ஏற்ற இறக்கத்தை இரண்டாவது மூட்டு சமன் செய்துவிடும். 90 டிகிரி மாறியிருந்தால் இரண்டும் கூடிவிடும். ஒற்றை மூட்டில் 15 டிகிரி சாய்வுக்கு வேகம் மூன்றரை சதவீதம் கூடிக் குறையும். 30 டிகிரிக்கு 13 சதவீதம் குறைந்து 15 சதவீதம் கூடும். நேர்பாதையில் ஒழுங்காக ஓடி, வளைவில் மட்டும் வெட்டினால் சந்தேகமே வேண்டாம்.

சரியாகச் செருகியதும் இரண்டு பாதியிலும் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி அடித்துவிடுங்கள். அடுத்த முறை புள்ளிக்குப் புள்ளி.

கவைகள் சரி, ஆனாலும் வளைவில் முட்டுகிறது

நீளும் ஷாஃப்ட் நீளம் போதவில்லை அல்லது அடிமுட்டுகிறது. உங்கள் பாதையிலேயே மிகக் கூர்மையான வளைவில் இன்ஜினை நிறுத்தி, ஷாஃப்ட் மூட்டு மையத்திலிருந்து மையம் வரை அளந்துகொள்ளுங்கள். எதிர் வளைவிலும் அளந்துகொள்ளுங்கள். முழுக்கச் சுருங்கும்போது உள்ளே இன்னும் 2 மி.மீ. இடம் மிச்சம் இருக்கவேண்டும். முழுக்க நீளும்போது உள்ஷாஃப்ட் தன் தடிமனில் ஒன்றரை மடங்காவது உள்ளே மாட்டியிருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் மூலை தேய்ந்து ஒரு நாள் வெளியே வந்து பாதையைக் குத்தும்.

கொடக் கொடவென்று ஆடுகிறது

மூட்டின் பின்கள் தேய்ந்தவை. ஒரு போகியை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுற்றிப் பாருங்கள். பின் மட்டும் தேய்ந்திருந்தால் டிரில் வாலை வெட்டி அதே விட்டத்தில் பின் செய்யலாம். துளைகள் முட்டை வடிவமாகியிருந்தால் மூட்டையே மாற்றுங்கள். அதிகம் தேடாமல் கிடைப்பவை ஆர்.சி. படகுக் கார்டன் மூட்டுகள். 2, 3, 3.17, 4, 5 மி.மீ. துளைகளில், இருபுறமும் வேறு வேறு அளவிலும் வரும். நீளும் ஷாஃப்ட் வேண்டுமானால் 1:16 ஆர்.சி. லோரிகளுக்கான உலோக டிரைவ் ஷாஃப்டைப் பாருங்கள். டபிள்யூபிஎல் லோரிகளுக்கு விற்பதை 45 மி.மீ. இன்ஜினில் வெட்டிப் பொருத்தலாம். 5 அங்குல இன்ஜினுக்கு அது தாங்காது.

## அறிகுறி 4: ரப்பர் கிழிகிறது, உருகுகிறது, பிசுபிசுக்கிறது

எரிபொருள் குழாயை வெட்டி இரண்டு ஷாஃப்டிலும் மாட்டிவிடுவது பழைய, நல்ல வழக்கம். அது கிழிந்தால் மூன்றைப் பாருங்கள்.

இரண்டு ஷாஃப்ட் முனைகளுக்கும் நடுவில் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் குழாய் முறுக்கிக்கொண்டு மடியும். இடைவெளியைக் குறைத்துவிடுங்கள். குழாயின் உள்விட்டம் ஷாஃப்டைவிட அரை மில்லிமீட்டராவது சின்னதாக இருக்கவேண்டும். ஷாஃப்ட் மெலிந்தது என்றால் பசை போடாமல் அதன் மேல் பித்தளைக் குழாய்த் துண்டைப் பற்றவைத்துத் தடிப்பாக்குங்கள். மூன்றாவது எண்ணெய். சிலிக்கோன் வெப்பத்தைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது. ஊறிப் பருத்துக் கையோடு வரும். எண்ணெய் தெறிக்கும் இடத்தில் நைட்ரைல் குழாய் போடுங்கள்.

மூன்று விரல் கவ்வும் ஜா கப்ளிங்கின் நடு ரப்பர் நட்சத்திரம் வெப்பத்தால் போகும். இன்ஜினில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம் என்றாலே நீராவி 142 டிகிரி செல்சியஸ். 60 பவுண்டுக்கு 153. நட்சத்திரம் பாலியூரித்தேன் என்றால் 80, 90 டிகிரிக்கு மேல் நம்ப முடியாது. நைட்ரைல் 100 வரை. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு நிறம் போடுகிறார். ஃபயர்பாக்ஸ் பக்கத்திலோ சிலிண்டர் பக்கத்திலோ கப்ளிங் இருந்தால் ரப்பரே வேண்டாம், உலோக மூட்டுதான்.

ஓடாமல் பெட்டியில் வைத்திருந்த இன்ஜினிலும் நட்சத்திரம் நொறுங்கியிருக்கும். அலமாரியில் ஒரு வருடம் கிடந்த சப்பாத்தின் அடிப்பாகம் தீபாவளிக்கு எடுத்துப் போட்டதும் உதிர்ந்து கொட்டுமே, அதே பாலியூரித்தேன், நம் ஊர் ஈரத்தில் அதே கதி. பழைய கப்ளிங்கை வாங்கினால் நட்சத்திரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் மறையாமல் நின்றால் மாற்றுங்கள்.

## அறிகுறி 5: சுருள் வெட்டுப் போட்ட அலுமினியக் கப்ளிங் விரிசல் விடுகிறது

3டி பிரிண்டருக்கு விற்கும் 5க்கு 8 கப்ளிங், வெளிவிட்டம் 19, நீளம் 25, எல்லா இடத்திலும் மலிவாகக் கிடைப்பதால் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள். விரிசல் சுருள் வெட்டின் முனையில் தொடங்கும்.

ஷாஃப்ட் முனைகள் சுருள் பகுதிக்குள் நுழைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டும் கட்டியான பகுதியோடு நிற்கவேண்டும். உள்ளே முட்டிக்கொண்டால் கப்ளிங் வளையவே முடியாது. அடுத்து அறிகுறி 2இல் சொன்ன நேர்க்கோட்டுச் சோதனை.

இரண்டும் சரியாக இருந்து, முன்னால் போகும்போது நன்றாக ஓடி, பின்னால் போகும்போது மட்டும் உறுமினால், வெர்ம் கியர் ஷாஃப்டை இழுக்கிறது. வெர்ம் ஒரு திசையில் ஷாஃப்டைத் தள்ளும், மறு திசையில் இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்க கியர் பெட்டியில் திரஸ்ட் வாஷரோ பேரிங்கோ இல்லாவிட்டால் கப்ளிங் ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்கி விரிசல் விட்டுவிடும். வெர்ம் ஷாஃப்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 0.1, 0.2 மி.மீ. அசைந்தால் சரி. கண்ணுக்குத் தெரிய ஓடினால் வாஷர் போட்டு அடைத்த பிறகே புதுக் கப்ளிங். இதைத் தவறவிட்டுத்தான் ஆளுக்கு மூன்று நான்கு கப்ளிங் வாங்கிக் குவிக்கிறார்கள்.

## அறிகுறி 6: கழலவே மாட்டேன் என்கிறது

அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். கிரப் ஸ்குரூ எத்தனை என்று எண்ணுங்கள், ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று பூட்டாக இருக்கலாம். சாலிடரிங் அயர்னை இரண்டு நிமிடம் கப்ளிங்கின் மேல் வைத்துச் சூடேற்றினால் நீல லாக்டைட் இளகும். புளோ லாம்ப் வேண்டாம், மோட்டார் காந்தம் கெடும். பிறகு ஆர்.சி. பினியன் புல்லரால் (பல்சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவி) இழுங்கள். சுத்தியல் எடுத்தால் மோட்டார் போச்சு.

## அறிகுறி 7: ரிவர்ஸ் திருகு அரைச் சுற்றுச் சும்மா சுற்றுகிறது

கையால் மெதுவாகச் சுற்றுவது என்பதால் ஒற்றை மூட்டே போதும், வேக ஏற்ற இறக்கம் பொருட்டே இல்லை. ஆட்டம்தான் பகை. பின்னை மாற்றுங்கள், கிரப் ஸ்குரூவுக்குப் பதில் 1.5 மி.மீ. துளை விட்டுக் குறுக்குப் பின் அடியுங்கள். பழைய இன்ஜினில் 6 பி.ஏ. (பழைய பிரிட்டிஷ் அளவு) மரை இருக்கும்; அது 2.8 மி.மீ., எம்3ஐத் திணிக்காதீர்கள்.

## வாங்கும் இடம்: அருகிலிருந்து தொலைவுக்கு

ஊரில் உள்ள ஹார்ட்வேர் கடையில் கிரப் ஸ்குரூ, எலன் கீ, ஓ-ரிங் கிடைக்கும். சின்ன கப்ளிங் கிடைக்காது. மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் எண்ணெய் தாங்கும் குழாய் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பித்தளைக் குழாய், பியானோ வயர், படகு மூட்டு எல்லாம் ஈப்போ, கிள்ளான் பக்கம் உள்ள ஆர்.சி. கடைகளில்.

ஷாப்பி, லாசாடாவில் தேடும்போது வெறும் கப்ளிங் என்று போட்டால் வேகன் கொக்கிகளும் தண்ணீர்க்குழாய் இணைப்புகளும்தான் வரும். ஷாஃப்ட் கப்ளர், மோட்டார் கப்ளர், கார்டன் ஜாயிண்ட் என்று தேடுங்கள். துளை அளவைத் தலைப்பில் நம்பாமல் தேர்வுப் பட்டியலில் பாருங்கள். 3 என்று போட்டிருந்தால் 3.17 ஷாஃப்ட் நுழையாது. அதைத் தட்டி இறக்கி மோட்டாரின் பின்மூடியைக் கழற்றிவிடாதீர்கள். வந்த பொட்டலத்தைப் பூட்டும் முன் டிரில் வாலால் அளந்துவிடுங்கள், ஒரு முறை பூட்டினால் திருப்பி எடுக்கமாட்டார்கள். வாங்குவது இரண்டாக வாங்குங்கள்.

லேத் பட்டறைக்குப் போனால்

தோட்டப்புற ஊரில் லேத் கடைக்காரர் மில் ஷாஃப்டும் லோரி பின்னும் கடைபவர். சின்ன வேலையை அவசரத்தில் கேட்டால் நேரமில்லை என்பார். மில் வேலை குறைந்த நாளாகப் பார்த்துப் போங்கள். கையில் ஷாஃப்ட் இரண்டையும், தாளில் படத்தையும், முடிந்தால் துளையைத் துல்லியமாக்கும் 1/8 அங்குல ரீமரையும் கொண்டுபோங்கள். அவர்களிடம் இருக்கும் ரீமர்கள் பெரும்பாலும் இதைவிடப் பெரியவை.

படத்தில் எழுத வேண்டியது: பித்தளை, வெளிவிட்டம் 10, நீளம் 20, 3.1 டிரில் விட்டு 3.175 ரீமர், முழு நீளத்துக்கும். பிறகு சக்கிலிருந்து கழற்றாமலே ஒரு பக்கத்தை 10 மி.மீ. ஆழத்துக்கு மற்ற அளவுக்கு அகலப்படுத்துவது. கழற்றித் திருப்பிப் பிடித்தால் இரண்டு துளையும் ஒரே மையத்தில் வராது. இதை மட்டும் வாயாலும் சொல்லுங்கள். பக்கத்துக்கு இரண்டு எம்3 மரை, 90 டிகிரி விலகி.

தமிழராக இருந்தால் "அண்ணே, ஷாஃப்ட் கையாலயே வழுக்கிட்டுப் போகணும், ஆட்டம் மட்டும் இருக்கக்கூடாது" என்றால் போதும். சீனத் தவுக்கேயாக (முதலாளியாக) இருந்தால் மலாயில் "ஜாங்கான் லோங்கார்" (தளர்வாக இருக்கக்கூடாது) என்று ஷாஃப்டை ஆட்டிக் காட்டுங்கள், அவருக்கு உடனே விளங்கிவிடும்.

இது வளையாத கட்டிக் கப்ளிங் என்பதை மறக்காதீர்கள். ஒரு பக்க ஷாஃப்ட் பேரிங்கில் இறுகாமல் மிதந்துகொண்டிருக்கும் இடத்துக்கு மட்டும்தான், அல்லது ரப்பர் குழாய்க்கு அடியில் தடிப்பாக்கும் புஷ்ஷாக.

நீங்களும் தொடக்கூடாத, லேத் கடைக்கும் கொடுக்கக்கூடாத வேலை: கியர் பெட்டி நேராக உட்கார பாய்லர் தாங்கியை நகர்த்த வேண்டியிருந்தாலோ, பாய்லரில் புதுத் துளையோ பற்றவைப்போ தேவைப்பட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். வெள்ளிப் பற்றவைப்புத் தெரிந்து, முடித்ததும் தண்ணீர் அழுத்தச் சோதனை போட்டுத் தரும் மாடல் பாய்லர் ஆளிடம் மட்டும் அதைக் கொடுங்கள். பிள்ளைகளை ஏற்றிப் போகும் 5 அங்குல இன்ஜினில் நடு ஷாஃப்ட் ஒருமுறை கழன்று விழுந்திருந்தால், வேறொரு அனுபவமுள்ள கண் பார்க்காமல் மறுபடி ஆள் ஏற்றாதீர்கள். ஷாஃப்டின் அடியில் 3 மி.மீ. கம்பியில் வளைத்த ஒரு தாங்கு வளையம் போட்டுவிட்டால், மூட்டு கழன்றாலும் ஷாஃப்ட் தண்டவாளத்தைத் தொடாமல் அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.